செருப்போடு பார்க்க வேண்டிய இடங்கள்

திருப்பூர் மாவட்டத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று எங்கே தேடினாலும் ஒரே பட்டியல்தான் வருகிறது. அவிநாசியப்பர் கோயில், திருமுருகன்பூண்டி, சிவன்மலை, ஊத்துக்குளி, சர்க்கார் பெரியபாளையம் சுக்ரீஸ்வரர் கோயில், உடுமலைக்குத் தெற்கே திருமூர்த்தி மலை, அமராவதி அணை, அங்கிருக்கும் முதலைப் பண்ணை. அணையையும் முதலைகளையும் கழித்துவிட்டால் மிச்சமிருப்பது பெரும்பாலும் கோயில்தான். பனியன் கம்பெனிகளில் வண்டி பிடித்துப் போகும் ஒருநாள் சுற்றுலாவும் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை அழைத்துப் போகும் சுற்றுலாவும் இந்தப் பட்டியலைத் தாண்டுவதில்லை. கொஞ்சம் காசு சேர்ந்தால் மேட்டுப்பாளையம் போய் ஊட்டி ரயில் ஏறுவார்கள். அவ்வளவுதான்.

அந்தக் கோயில்களில் பார்க்க ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. சுக்ரீஸ்வரர் கோயில் கொங்கின் பழைய கட்டடங்களில் ஒன்று, ஒன்றிய அரசின் தொல்லியல் துறை அதைப் பராமரிக்கிறது, கல்வெட்டுகள் இருக்கின்றன. நானே பல முறை போயிருக்கிறேன், கும்பிட அல்ல, படிக்க. என் கேள்வி வேறு. ஒரு வட்டாரத்தின் பாரம்பரியம் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற இடங்கள் மட்டும்தான் என்று எப்படி முடிவானது? இந்த மண்ணில் சிலருக்குச் செருப்பைக் கழற்றுவது கோயில் வாசலில் மட்டும் இருந்த பழக்கம். சிலருக்கு அது ஊர் எல்லையிலேயே தொடங்கியது. இரண்டாவது கூட்டத்தாரின் கால்களிலிருந்து பார்த்தால் எந்த இடமெல்லாம் பார்க்க வேண்டிய இடம்? அப்படி ஒரு பட்டியலை இங்கே போடுகிறேன்.

முதல் இடம் கரூர். திருப்பூரிலிருந்து கிழக்கே, பேருந்தில் இரண்டு இரண்டரை மணி நேரம். போர்வையும் திரைச்சீலையும் ஏற்றுமதி செய்கிற ஊர். நம் ஊருக்குத் தொழிலில் பங்காளி. அங்கே பசுபதீஸ்வரர் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் நூறாண்டுக்கு முன்பே அச்சாகிவிட்டது. வரலாறு படிக்கிறவர்களுக்குத் தெரியும், கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியாது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப்பெயரில் ஒரு மன்னன் வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்குக் கொடுத்த ஆணை அது. ஆட்சியின் பதினைந்தாம் ஆண்டு ஆடி மாதம் முதல் அவர்களுக்குச் சில உரிமைகள் வழங்கப்படுகின்றன. கல்யாணத்திலும் சாவிலும் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். வீட்டை விட்டு வெளியே போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளலாம்.

இதைப் பெருந்தன்மைக்குச் சான்றாகச் சொல்கிற ஆய்வாளர்கள் உண்டு. மன்னன் கம்மாளருக்கு உரிமை கொடுத்தான், பாருங்கள் எவ்வளவு நல்லவன் என்று. நான் அதைத் தலைகீழாகப் படிக்கிறேன். செருப்புப் போட ஒரு மன்னனின் ஆணை வேண்டியிருந்தது என்றால், அந்த ஆடி மாதத்துக்கு முந்தைய நாள்வரை என்ன நடந்தது? இரும்பு அடித்தவர், பொன் உருக்கியவர், மரம் இழைத்தவர், கோயிலுக்கே கல் செதுக்கியவர் — இவர்களெல்லாம் வெறுங்காலோடு நடந்தார்கள். பூசாத மண்சுவருக்குள் படுத்தார்கள். தடை எவ்வளவு இறுக்கமாக இருந்தால் அதை விலக்கக் கல்லில் வெட்ட வேண்டியிருக்கும்! ஒரே இடத்தில் வெட்டினால் போதவில்லை. இதே வகை ஆணை கொங்கின் வேறு சில ஊர்களிலும் கிடைத்திருக்கிறது. கம்மாளருக்கே இந்தக் கதை என்றால் அவர்களுக்கும் கீழே தள்ளப்பட்டவர்களுக்கு? அவர்களுக்காக எந்த மன்னனும் எந்தக் கல்லிலும் எதையும் வெட்டவில்லை. அந்த வெற்றிடத்தையும் சேர்த்துத்தான் அந்தக் கல்வெட்டைப் படிக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. செருப்புப் போடும் உரிமையைச் சொல்கிற அந்தக் கல்வெட்டைப் பார்க்க நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போங்கள், தவறில்லை. ஆனால் அது என்ன சொல்கிறது என்று தமிழில் நாலு வரி எழுதிய பலகை ஒன்றை வாசலில் வைத்தால் என்ன குறைந்துவிடும்? கோயில் நன்கொடையாளர்களின் பெயரை டியூப்லைட்டில்கூட எழுதுகிறவர்கள் நாம்.

இந்தக் கல்வெட்டைப் பற்றி நான் இவ்வளவு பேச ஒரு காரணம் உண்டு. என் தாத்தா செருப்புத் தைத்தவர். கவலை இறைக்கும் தோலும் தைப்பார். அவர் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு ஊர்க்காரர்கள் தெருவில் நடந்தார்கள்; அதே தெருவில் அவர் தன்னுடையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். இதை அவர் எனக்குப் புகாராகச் சொல்லவில்லை, வழி சொல்வதுபோலச் சொன்னார்: இந்த வேப்பமரம் வரைக்கும் போட்டுக்கலாம், அதுக்கப்புறம் கையில. கொங்கு வட்டாரத்துக் கிராமங்களில் நடந்த தீண்டாமைக் கள ஆய்வுகளைப் படித்தால் அந்த வேப்பமரம் இன்னும் பல ஊர்களில் நிற்பது தெரியும்.

கவலை என்றேன். இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மாடு கட்டி, வடத்தில் தோல் கட்டி, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் முறை. மின்மோட்டார் வரும்வரை கொங்கின் மேட்டுக்காடுகள் பச்சையாக இருந்தது அதனால்தான். காங்கேயம், பல்லடம், தாராபுரம் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் ஆழமான கிணறுகள் இருக்கும். சில கிணறுகளை எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். பாறையை உடைத்தவர்கள் போயர்கள். தோலைத் தைத்தவர்கள் மாதாரிகள். தண்ணீர் பாய்ந்த நிலம் மட்டும் இன்னொருவருடையது. அந்த நிலத்தின் வருமானமும் அந்தச் சாதியின் உறவுப்பிணைப்பும் எப்படிப் பனியன் கம்பெனி முதலாக மாறின என்பதை சரத் சாரி தன் ஆய்வு நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். உழைப்பால் உயர்ந்த உள்ளூர் முதலாளிகள் என்ற பெருமைக் கதையை அவர் கேள்வி கேட்டுத் திறக்கிறார். அந்தக் கதையில் விடுபட்டுப்போவது இந்தத் தோல்தான். வற்றிய ஒரு கவலைக் கிணற்றின் கரையில் நின்று பார்த்தால், கயிறு அறுத்த தடம் கல்லில் இருக்கும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் பார்க்கும் அதே கவனத்தோடு அந்தத் தடத்தையும் பார்க்கலாம்.

அடுத்தது கொடுமணல். இந்தப் பட்டியலில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் இங்கே போங்கள்.

சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் உள்ள ஊர். நிர்வாகக் கணக்கில் ஈரோடு மாவட்டம், மண்கணக்கில் நம்முடையது. பதிற்றுப்பத்து கொடுமணத்து நகைவேலையைப் பேசுகிறது. 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வு தொடங்கியது. பிறகு 2012இல் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகம் தோண்டியது. அதற்கும் பிறகு மாநிலத் தொல்லியல் துறை. கிடைத்தது அரண்மனை அல்ல, கோயில் அல்ல. பட்டறை. இரும்பு உருக்கிய உலை. மணி அறுத்து, துளையிட்டு, மெருகேற்றிய இடம். பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு. நடுவில் இரும்புக் கம்பி செருகிய சுடுமண் தக்களி, கூடவே பருத்தித் துணியின் எச்சம். இரண்டாயிரம் ஆண்டுக்கும் முந்தைய ஒரு தொழிற்பேட்டை. ஜாப் ஒர்க் நடந்த ஊர் என்றுகூடச் சொல்லலாம். கல்லுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை; பச்சைக்கல் காங்கேயம் பக்கத்துப் படியூரில் கிடைத்தது. சூதுபவளம் குஜராத் பக்கமிருந்தும், வைடூரியம்போல விலைபெற்ற நீலநிற லாபிஸ் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்தன.

நூற்றுக்கணக்கான பானை ஓடுகளில் தமிழி எழுத்து. பெரும்பாலும் ஆட்பெயர்கள். கண்ணன், ஆதன் போன்ற பெயர்கள். வணிகக் குழுவைக் குறிக்கும் நிகமம் என்ற சொல்லும் ஓர் ஓட்டில் இருக்கிறது. பிராகிருதப் பெயர்களும் உண்டு. அரசனின் மெய்க்கீர்த்தி இல்லை. தன் பானையில் தன் பெயரைத் தானே கீறிக்கொண்ட மனிதர்கள். வேலை நடந்த இடத்தில், உலைக்கும் மணிப்பட்டறைக்கும் நடுவே எழுத்து புழங்கியிருக்கிறது.

எச்சரிக்கையாக ஒன்று சொல்ல வேண்டும். சங்ககாலத்தில் சாதியே இல்லை, தமிழர் எல்லாம் சமம் என்ற முழக்கத்துக்குக் கொடுமணலை இழுக்கிறவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே ஒரே ஓர் ஈமக்குழியில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. எல்லாக் குழிகளிலும் அப்படி இல்லை. மணி அறுத்தவனோடு அவை புதைக்கப்பட்டனவா, மணி வாங்கியவனோடா என்பது நியாயமான கேள்வி. ஏற்றத்தாழ்வு இருந்தது. ஆனால் கைவினைஞனும் எழுத்தும் ஒரே இடத்தில் இருந்ததற்குச் சாட்சி இருக்கிறது. அதே கொங்கில் பல நூற்றாண்டுகள் கழித்து கைவினைஞன் செருப்புக்கு அனுமதி கேட்டு நின்றதற்கும் சாட்சி இருக்கிறது. கொடுமணலுக்கும் கரூர்க் கல்வெட்டுக்கும் இடையில் என்ன நடந்தது? சாதி என்றென்றும் இருந்தது என்கிற சனாதனியும் எப்போதும் இல்லை என்கிற பெருமைக்காரரும் தவிர்க்கிற கேள்வி இதுதான்.

போன மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவிலிருந்து ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஓவர்லாக் தைக்கிற அக்கா ஒருவர், செக்கிங்கில் இருக்கும் இரண்டு பேர், கட்டிங் டேபிளில் நிற்கும் ஒடிசாத் தம்பி ஒருவர், அவருடைய அறைத் தோழர். போய் இறங்கியதும் அக்கா நாலாபக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இங்க என்ன கண்ணு இருக்குது பாக்கறதுக்கு? வெறுங்காடால்ல கெடக்குது." உண்மைதான். தோண்டிய குழிகளைப் பாதுகாப்புக்காக மூடிவிடுகிறார்கள். வயலும் முள்ளும் நெடுங்கல்லும் கல்வட்டங்களும்தான் கண்ணுக்குத் தெரியும். போனில் இருந்த படங்களைக் காட்டினேன். தக்களிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த அக்கா, "நூல் வேலைதான் அப்பவும்" என்றார். ஒடிசாத் தம்பிக்கு ஆர்வம் வேறு. வடக்கிலிருந்து வந்தவர்களின் பெயரும் பானையில் இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டார். இருக்கிறது என்றேன். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது இதே தம்பி மூன்று நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை.

கீழடிக்கு 2023இல் அருங்காட்சியகம் வந்தது. விடுமுறை நாளில் கூட்டம் அலைமோதுகிறது, நல்லது. நாங்கள் கொடுமணலில் இருந்த மூன்று மணி நேரத்தில் ஆடு மேய்த்த ஒரு பெரியவரைத் தவிர யாரும் வரவில்லை. ஈரோட்டிலும் திருப்பூரிலும் இத்தனை லட்சம் துணித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கைவேலைக்கு இரண்டாயிரம் ஆண்டு வயது என்று காட்டுகிற இடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தூரத்தில் கிடக்கிறது. அங்கே ஒரு நிழற்கூரையும் கழிப்பறையும் தெளிவான விளக்கப் பலகைகளும் வைக்கக் கோருவது பெரிய கோரிக்கை அல்ல.

கொடுமணலுக்குப் போகிறவர்கள் அப்படியே பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்துவிட வேண்டும். நொய்யலின் குறுக்கே, சுமார் பத்தாயிரம் ஏக்கர் பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறக்கப்பட்டது. நிறைந்ததோ திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர். விவசாயிகளே தண்ணீரைத் திறக்காதே என்று போராடிய அணை உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறதா தெரியவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது வரை அந்த வழக்கு போனது. இழப்பீடும் வந்தது. நிலத்தின் பரப்பை வைத்துக் கணக்குப் போட்டார்கள். நிலமில்லாமல் அந்த வயல்களில் களை எடுத்தவர்களுக்கு, அந்தத் தண்ணீரில் குளித்துத் தோல் அரித்தவர்களுக்கு, அந்தக் கணக்கில் இடமில்லை. அவர்கள் யார், எந்த வளவிலிருந்து வந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டாலர் சிட்டி என்று பெயர் வாங்கிய நகரம் தனக்குத்தானே கட்டிக்கொண்ட நினைவுச்சின்னம் அந்த அணை.

கிழக்கே இன்னும் கொஞ்சம் போனால் ஓடாநிலை. தீரன் சின்னமலையின் நினைவு மண்டபம். 1805 ஜூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் வெள்ளையர் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஆடிப் பதினெட்டுக்கு இந்தச் சாலையில் போய்ப் பார்த்தால் கொடிகள், பதாகைகள், மோட்டார் சைக்கிள் ஊர்வலம். பதாகையில் விடுதலைப் போரைவிட சாதிப் பெயர் பெரிதாக இருக்கும். சின்னமலையோடு நின்றவர்களில் ஒருவர் பொல்லான், அருந்ததியர். வெள்ளையர் படையின் திட்டங்களை முன்கூட்டியே தெரிந்து, ஓலையைச் செருப்பின் அடுக்குக்குள் வைத்துத் தைத்து அனுப்பியவர் என்பது எங்கள் வளவுகளில் சொல்லும் கதை. பிடிபட்டு நல்லமங்காபாளையத்தில் கொல்லப்பட்டார். எங்கள் பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போது அந்த ஊசியின் நீளத்தைக்கூடக் கையால் காட்டுவார். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வைக்கப்பட்ட ஒரு சமூகம் தன் வீரனைச் செருப்பை வைத்தே நினைவில் வைத்துக்கொண்டது. ஆவணம் எங்கே என்று கேட்கிறார்கள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதாமல் விட்டதற்கு ஆவணம் எங்கிருந்து வரும்? பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பிறகு மொடக்குறிச்சி வட்டம் ஜெயராமபுரத்தில் பொல்லானுக்கு முழு உருவச் சிலையோடு அரங்கம் எழுந்திருக்கிறது. ஓடாநிலைக்குப் போகிறவர்கள் அங்கேயும் போகட்டும். இரண்டும் ஒரே போரின் இடங்கள்.

ஈரோட்டுக்குள் வந்தால் பெரியார் வாழ்ந்த வீடு நினைவகமாக இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். பலரும் பார்க்காமல் போவது அங்குள்ள ஈஸ்வரன் கோயில் கதவை. 1929இல் சுயமரியாதை இயக்கத்தைச் சேர்ந்த குத்தூசி குருசாமி ஆதிதிராவிடத் தோழர்களை அழைத்துக்கொண்டு அந்தக் கோயிலுக்குள் போனார். கதவைப் பூட்டிவிட்டார்கள். வழக்கும் போட்டார்கள். வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோரை அழைத்துச் சென்றது 1939 ஜூலையில். மதுரை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பத்தாண்டு முந்திய ஈரோடு பாடப்புத்தகத்திலும் இல்லை, பலகையிலும் இல்லை.

திருப்பூருக்கே திரும்புவோம். ரயில் நிலையத்துப் பக்கம் குமரன் நினைவிடம் இருக்கிறது. சென்னிமலை நெசவாளர் வீட்டுப் பிள்ளை; திருப்பூரில் பஞ்சு ஆலையில் வேலை பார்த்தவர்; 1932 ஜனவரி 10 ஊர்வலத்தில் அடிபட்டு மறுநாள் இறந்தார். இருபத்தேழு வயது. ஒரு தொழிலாளியின் சாவு அது என்பதை மறக்கடிக்கச் சாதிச் சங்கங்கள் அவரையும் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. ஆனால் இந்த நகரத்தில் இன்னொரு நிகழ்ச்சியும் நடந்தது. 1922இல் தமிழ்நாடு காங்கிரஸ் மாநாடு திருப்பூரில் கூடியது. நாடார்களும் தாழ்த்தப்பட்டவர்களும் கோயிலுக்குள் போகும் உரிமை வேண்டும் என்று ஈ.வெ.ரா. அதில் தீர்மானம் கொண்டுவந்தார். சாத்திரம், மரபு என்று எதிர்ப்பு கிளம்பியது, தீர்மானம் நிறைவேறவில்லை. அந்தக் கோபத்தில்தான் மனுதர்மத்தையும் இராமாயணத்தையும் எரிக்க வேண்டும் என்று அவர் முதல் தடவையாகப் பேசினார். காஞ்சிபுரத்தில் 1925இல் நடந்த பிரிவுக்கான விதை திருப்பூரில் விழுந்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1934இல், அண்ணா அவரை முதன்முதலாகச் சந்தித்ததும் இதே ஊரில், ஓர் இளைஞர் மாநாட்டில். 2022இல் அந்தத் தீர்மானத்துக்கு நூறு வயது ஆனது. திராவிட இயக்கத்தின் பெயரால் ஆட்சி நடந்த ஆண்டு அது. நான் இந்த நகரத்தில்தான் இருந்தேன். ஒரு கல் நடப்பட்டதை நான் பார்க்கவில்லை. தோற்றுப்போன தீர்மானத்துக்கு யார் சிலை வைப்பார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். தோற்றதால்தானே அது முக்கியம்?

இனி வருகிற இரண்டு இடங்களுக்கு யாரையும் சுற்றுலாவாக அழைக்க முடியாது. ஆனால் சுற்றுலா போகும் ஒவ்வொருவரும் அவற்றின் வழியாகத்தான் போகிறார்கள்.

திருமூர்த்தி அருவிக்கும் அமராவதி அணைக்கும் போகிறவர்கள் உடுமலைப் பேருந்து நிலையத்தில் வண்டி மாறுவார்கள். 2016 மார்ச் 13 அன்று அந்தப் பேருந்து நிலையத்தின் எதிரே, பட்டப்பகலில், சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். உடன் இருந்த கௌசல்யா தலையில் வெட்டுப்பட்டுப் பிழைத்தார். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதுதான் காரணம். கேமராவில் பதிவான கொலை, நாடே பார்த்தது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்குத்தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தையை விடுதலை செய்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. இன்று அந்த இடத்தில் இளநீர் விற்கிறார்கள், பூ விற்கிறார்கள். தரையில் எந்த அடையாளமும் என் கண்ணில் படவில்லை.

ஊட்டிக்குப் போகிற வழியில் மேட்டுப்பாளையம். 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் ஊட்டி வரையிலும் போன நீலகிரி மலை ரயில் 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ரயில் புறப்படுவது இந்த ஊரில். இதே ஊரின் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை மழையில் ஒரு சுற்றுச்சுவர் வீடுகள் மேல் சரிந்து பதினேழு பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் தலித்துகள். சுவர் சுமார் இருபது அடி உயரம். ஏன் அவ்வளவு உயரம் என்று அங்கே வாழ்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். தீண்டாமைச் சுவர் என்று ஒரே சொல்லில் பதில் வரும். காலை ஏழு மணி ரயிலுக்குப் போகும் குடும்பங்கள் பெட்டியோடு நிற்கிற நிலையத்திலிருந்து அந்த இடம் வெகுதூரமில்லை. பல் சக்கரத் தண்டவாளம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்க அங்கே படங்கள் இருக்கின்றன.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில் 2018இல் ஒரு நினைவிடம் திறந்தார்கள். கும்பல் கொலைகளில் இறந்த கறுப்பின மக்களுக்கானது. எண்ணூறுக்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள், ஒவ்வொன்றும் கொலை நடந்த ஒரு மாவட்டத்துக்கு. அதே அளவில் இன்னொரு செட் தூண்களையும் செய்து வெளியே கிடத்தி வைத்திருக்கிறார்கள்: எங்கள் மாவட்டத்தில் நடந்தது உண்மை, எங்கள் தூணை எங்களிடம் கொடுங்கள் என்று அந்தந்த மாவட்டம் வந்து கேட்டு எடுத்துப்போய் நட வேண்டும். எடுக்காத தூண் அங்கேயே கிடக்கும். யார் எடுக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். திருப்பூருக்கும் கோவைக்கும் ஈரோட்டுக்கும் இப்படி ஒரு தூண் செய்து சென்னையில் கிடத்தி வைத்தால் எந்த மாவட்ட ஆட்சியர் வந்து எடுத்துப்போவார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பாரம்பரியத் தலங்களுக்குப் பலகை வைப்பது அரசுக்குப் புதிய வேலை அல்ல. தொல்லியல் துறை பாதுகாக்கும் ஒவ்வொரு சின்னத்தின் வாசலிலும் நீலப் பலகை நிற்கிறது. அதைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதிதாகச் செங்கல் வைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. கல்லுக்கு இவ்வளவு செய்ய முடிகிற அரசிடம் நான் கேட்பது மிகச் சின்னது. கரூர்க் கல்வெட்டுக்குத் தமிழில் விளக்கம். ஈரோடு ஈஸ்வரன் கோயில் வாசலில் 1929. திருப்பூரில் 1922. உடுமலைப் பேருந்து நிலையத்தின் எதிரே ஒரு பெயர். நடூரில் பதினேழு பெயர்கள். அறநிலையத்துறை, தொல்லியல் துறை, நகராட்சிகள் என்று கோப்பு சுற்றும். சுற்றட்டும். அவிநாசிக்குப் பக்கத்தில் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் 2018இல் ஓர் அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று அரசுப் பள்ளியையே பூட்டினார்களே, அப்போது மனு எழுதிக் கையெழுத்து வாங்கி மாற்றல் உத்தரவைத் திரும்பப் பெற வைத்ததும் தோழர்கள்தான்.

அதுவரை நாமே போகலாம். கொடுமணலுக்குச் சென்னிமலையிலிருந்து சிற்றுந்து உண்டு. ஆனால் ஞாயிறன்று நம்ப முடியாது, ஆள் சேர்த்து வண்டி பேசிக்கொள்வது நல்லது. சித்திரை வைகாசியில் வேண்டாம், நிழல் கிடையாது. தண்ணீர் கையில் இருக்கட்டும். தரையெல்லாம் வேலிக்காத்தான் முள்.